ப்ரீ-ஓப்பன் விலை எக்செலில் சரியாக வர என்ன வழி?

வணக்கம். என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) ப்ரீ-ஓப்பன் டேட்டாவை, அதாவது வழக்கமான வர்த்தகம் தொடங்கும் முன் நடக்கும் அமர்வின் டேட்டாவை, புரோக்கர் ஏ.பி.ஐ. வெப்சாக்கெட் (நேரலை டேட்டா இணைப்பு) வழியாக எக்செலுக்கு இழுக்கிறோம். சுமார் 40 பங்குகள்.

9:00 முதல் எல்.டி.பி. (கடைசியாக வர்த்தகமான விலை) நேற்றைய குளோஸிலேயே நிற்கிறது, வால்யூம் 0. அது பிழையில்லை, தெரியும்: அந்த நேரத்தில் ஆர்டர்கள் சேருமே தவிர மேட்ச் ஆகாது. அதனால்தான் டெப்த்தில் (விலைவாரியாக நிற்கும் ஆர்டர்களின் பட்டியலில்) பை விலை செல் விலைக்கு மேலேயும் நிற்கிறது. அங்கே நடுவிலை கணக்குப் போட்டால் குப்பைதான் வரும். நமக்கு வேண்டியது ஐ.இ.பி., அதாவது அதிக அளவு பங்குகள் கைமாறக்கூடிய அந்த ஒரு விலை. என்.எஸ்.இ. தளத்தில் அது தெரிகிறது, நமக்கு வரும் டிக்கில் (ஒவ்வொரு விலைப் புதுப்பிப்பிலும்) அதற்கென்று தனிக் கட்டமே இல்லை.

டெப்த்தை வைத்து நாமே கணக்கிடலாம் என்றால், ஐந்து அடுக்கு போதவில்லை. மார்க்கெட் ஆர்டர்களின் அளவும் தெரியாது.

கேட்க வந்தது இரண்டு. ஐ.இ.பி.யைத் தனியாகத் தரும் ஃபீடு எது, அதற்கு எக்செல் ஆர்.டி.டி. (ஷீட்டுக்குள் நேரலை டேட்டாவைக் கொண்டுவரும் வசதி) உண்டா? 9:07-க்கும் 9:08-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் ஆர்டர் வாங்குவது நின்றுவிடும் என்பதால், கடைசி ஸ்னாப்ஷாட்டை எந்த நொடியில் எடுக்கிறீர்கள்?

நாளின் ஓப்பன் ஒன்று, 9:15 கேண்டிலின் ஓப்பன் வேறு என்று வருவதையும் ஆமிபுரோக்கரில் (சார்ட் மென்பொருள்) எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஸ்கிரீன்ஷாட்டைவிட ஃபார்முலாவே போட்டால் நல்லது.