வளர்ந்த ஆண்களுக்கு ட்ராமா கவுன்சிலிங், தமிழ்ல யாராவது இருக்காங்களா?

என் சித்தி பையன், 26 வயசு, மதுரை. ஸ்கூல் படிக்கும்போது, 2010-11 சமயம், ட்யூஷன் வாத்தியார் ஒருத்தர் அவன்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்திருக்கார், இந்தப் பொங்கலுக்கு வந்தப்பதான் முதல்முறையா என்கிட்ட சொன்னான், சித்திக்கு இன்னும் தெரியாது.

ராத்திரி தூக்கமே இல்ல. சலூன்ல யாராவது பின்னாடி நின்னு கழுத்துல கை வச்சா உடம்பு விறைச்சுப் போகுதாம், அதனால ட்ரிம்மர் வாங்கி வீட்லயே வெட்டிக்கறான்.

1098 ஹெல்ப்லைன் குழந்தைகளுக்கு, 181 ஹெல்ப்லைனும் அரசோட ஒன் ஸ்டாப் சென்டரும் பெண்களுக்கு. அரசு மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416-ல தமிழ்லயே பொறுமையா பேசினாங்க, ஆனா இவனுக்கு ஒரே ஆள்கிட்ட தொடர்ந்து பேசணும். நேர்ல ஒரு கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவர் எடுத்த எடுப்புலயே "ஆம்பளப் பையன்தானே, ஏன் கத்தல"னு கேட்டுட்டார், பயத்துல உடம்பு உறைஞ்சு போறது எந்தப் புள்ளைக்கும் நடக்கறதுதான்னு கூட தெரியாதவங்க இதுல கை வைக்கவே கூடாது. அதுலேர்ந்து எங்கயும் வர மாட்டேங்கறான்.

2007-ல மத்திய அரசு வெளியிட்ட ஆய்வுலயே பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள்ல பாதிக்கு மேல பசங்கதான்னு இருக்கு, அவங்க வளர்ந்தப்புறம் போய் நிக்க ஒரு இடம் இல்ல.

கேஸ் இப்ப வேணாங்கறான், குழந்தைகள் மேல நடக்கற பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் இது நடந்தப்புறம் 2012-ல வந்ததுதான், அதனால சட்ட ஆலோசனை இப்போதைக்கு வேண்டாம்.

மதுரையிலயோ ஆன்லைன்லயோ, சின்ன வயசுல இப்படி பாதிக்கப்பட்ட ஆண்களோட தமிழ்ல பேசி அனுபவம் உள்ள சைக்காலஜிஸ்ட், நீங்களோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களோ போய் நல்லபடியா இருந்துச்சுன்னு சொல்ற மாதிரி, யாராவது இருக்காங்களா?