கொரியப் படங்களுக்குப் பின்னால் அரசாங்கக் காசு எவ்வளவு?

கதிரவன்:
எங்கள் ஆபீஸில் கதை விவாதம் நின்று போய் ஒரே சண்டை. "கொரியாக்காரன் ஜெயிக்கிறான்னா பின்னாடி கவர்மென்ட் நிக்குது, நமக்கு யார் இருக்கா?" என்று எங்கள் இணை இயக்குநர் எதற்கெடுத்தாலும் அங்கேயே போய் நிற்கிறார். கோஃபிக் என்ற பெயரை டைட்டில் கார்டுகளில் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் தெரியாது. வரிப்பணத்தில் படம் எடுக்கக் கொடுக்கிறார்களா? என்னைப் போல ஒரு கத்துக்குட்டி ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு போனால் மதிப்பார்களா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சி (புசான்):
தம்பி, நான் இங்கே சென்டம் சிட்டியில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் கணக்குப் பார்க்கிறேன். கோஃபிக் என்பது கொரியத் திரைப்படக் கவுன்சில், சினிமாவுக்கான அரசு அமைப்பு. அதன் தலைமையகமும் இதே ஹேவுண்டே பகுதியில்தான். 2013-ல் சியோலிலிருந்து இங்கே மாற்றினார்கள். அதனால் காசு வழியாகவே சொல்கிறேன்.

உங்கள் இணை இயக்குநர் நினைப்பது போல உலகம் கொண்டாடும் பெரிய கொரியப் படங்களை அரசாங்கம் எடுப்பதில்லை. அவற்றுக்குப் பணம் போடுவது சிஜே மாதிரியான பெரிய கம்பெனிகளும் முதலீட்டு நிதிகளும். கோஃபிக்கின் வேலை அதற்குக் கீழே, வேர்ப்பக்கம்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? 2006-ல் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேசத் தொடங்கும்போது, தியேட்டர்கள் வருஷத்தில் 146 நாள் கொரியப் படம் ஓட்டியாக வேண்டும் என்ற ஒதுக்கீட்டைப் பாதியாக, 73 நாளாகக் குறைத்தார்கள். திரைத்துறை தெருவில் இறங்கியது. சமாதானமாக 40,000 கோடி வோன் நிதி ஒன்றை அறிவித்தார்கள். பாதி அரசுக் கருவூலம், மீதி டிக்கெட்டிலிருந்து. 2007 முதல் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 3 சதவீதம் திரைப்பட வளர்ச்சி நிதிக்குப் போகிறது. 15,000 வோன் டிக்கெட் என்றால் நானூறு வோன் சொச்சம். ஹாலிவுட் படத்துக்குப் போனாலும் இதே கணக்கு. அதாவது சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டம் அலைமோதினால், இங்கே ஏதோ ஒரு பையனின் முதல் படத்துக்கு உண்டியல் நிறைகிறது. இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பணம் சுயாதீனப் படங்களின் தயாரிப்பு, திரைக்கதைப் போட்டிகள், கலைப்படத் தியேட்டர்கள், வெளிநாட்டுச் சந்தைகளில் கொரியக் கடை விரிப்பது, இப்படிப் பல பக்கம் போகிறது. ஒரு பகுதி முதலீட்டு நிதிக்கும் போய், தனியார் பணத்தோடு சேர்ந்து வணிகப் படங்களுக்குள் நுழைகிறது. அப்புறம் காஃபா என்ற திரைப்படப் பள்ளி. 1984-ல் தொடங்கியது, கோஃபிக்கின் கையில் இருக்கிறது. 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ அங்கே படித்தவர்தான். அரசாங்கம் அவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உங்கள் ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டியது வேறு. கோபிஸ் என்று ஒரு டிக்கெட் கணக்கு வலையமைப்பு இருக்கிறது. தியேட்டர்கள் விற்ற டிக்கெட் கணக்கை அதில் ஏற்றியாக வேண்டும், சட்டமே அப்படி. எந்தப் படம், எத்தனை திரை, எத்தனை காட்சி, எத்தனை தலை, எல்லாம் அடுத்த நாள் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். இங்கே ஹிட் என்பதைப் பணத்தில் பேசுவதை விடத் தலைக்கணக்கில் பேசுவதுதான் அதிகம். "ஒரு கோடிப் பேர் பார்த்த படம்" என்பது இங்கே ஒரு பட்டம். போஸ்டரில் போடும் எண்ணை எவரும் சரிபார்க்கலாம். முதலீடு செய்ய வெளியாள் தைரியமாக வருவதற்கு மானியத்தை விட இது பெரிய காரணம் என்பது என் கட்சி. வரவு தெரியாத தொழிலில் எந்தக் கணக்கர் கையெழுத்துப் போடுவார்?

ரஹீம்:
மீனாட்சி அக்கா ரொம்ப அழகாகக் காட்டுகிறார். அந்தத் தலைக்கணக்கிலும் கை வைத்தார்கள் என்று 2023-ல் போலீஸ் மல்டிபிளெக்ஸ்களில் சோதனை போட்டதே? ஆளே இல்லாத நள்ளிரவுக் காட்சிகள் ஹவுஸ்ஃபுல் என்று ஏற்றினார்கள் என்று புகார். அது போகட்டும். காசு கொடுப்பவன் கதையிலும் கை வைப்பான். கறுப்புப் பட்டியல் சமாச்சாரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மீனாட்சி (புசான்):
விடவில்லை ரஹீம், ஒரே பதிவில் எவ்வளவு எழுதுவது!

அந்தச் சோதனை நடந்தது உண்மை. ஆனால் பாருங்கள், பொது ஏடு ஒன்று இருந்ததால்தான் அதில் பொய் எழுதினார்களா என்ற கேள்வியே வந்தது. ஏடே இல்லாத ஊரில் என்னத்தைப் பிடிப்பது?

கறுப்புப் பட்டியலுக்கு என்னிடம் சால்ஜாப்பு கிடையாது. இந்த அமைப்பின் தாய் 1973-ல் பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சியில் பிறந்தது, அன்றைக்கு அது ஆட்சியின் கைப்பாவை. 1999-ல் கோஃபிக் என்று மாற்றி, ஒன்பது பேர் குழுவிடம் கொடுத்து, "காசு தருவோம், தலையிட மாட்டோம்" என்றார்கள். அதிபர் பார்க் குன்-ஹே காலத்தில் அந்த வாக்கு பறந்தது. ஆட்சிக்குப் பிடிக்காத கலைஞர்களின் பட்டியல் மேலிருந்து வந்தது, போங் ஜூன்-ஹோ பெயரும் அதில் உண்டு. கோஃபிக் அதற்கு ஒத்துழைத்து விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டியது. 2018-ல் கோஃபிக் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒன்பது பேரையும் நியமிப்பது பண்பாட்டு அமைச்சர் என்பதால், இந்த ஓட்டை இன்னும் முழுசாக அடைபடவில்லை என்றே நினைக்கிறேன்.

அரசியலை விட்டாலும், நடுவர் குழு என்றால் அதற்கே உரிய கோளாறு உண்டு. இயக்குநர் லீ சாங்-டாங் பண்பாட்டு அமைச்சராகவே இருந்தவர். அவருடைய 'கவிதை' படத்தின் திரைக்கதை கோஃபிக் உதவிக்குப் போனபோது, திரைக்கதை வடிவத்திலேயே இல்லை என்று ஒரு நடுவர் பூஜ்யம் போட்டார். உதவி கிடைக்கவில்லை. 2010-ல் அதே படத்துக்குக் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது!

இன்னொரு பலவீனம், டிக்கெட்டை நம்பிய நிதி டிக்கெட்டோடு சேர்ந்தே விழும். 2019-ல் 22 கோடியே 60 லட்சம் டிக்கெட் விற்றது, 2020-ல் ஆறு கோடிகூட இல்லை. உதவி தேவைப்பட்ட நேரத்தில்தான் கஜானா வறண்டது. 2024-ல் விழாக்களுக்கான பணத்தைப் பாதியாக வெட்டினார்கள். 2025 தொடக்கத்தில் அந்த 3 சதவீதத்தையே எடுத்துவிட்டார்கள், துறை கொதித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடி கொண்டுவந்தது.

கதிரவன்:
அக்கா, கோபிஸ் பக்கத்தைத் திறந்து இணை இயக்குநரிடம் காட்டினேன். சுமாரான படங்களின் கணக்கையும் இப்படிப் பச்சையாகப் போடுவார்களா என்று ஆடிப்போய்விட்டார். தயாரிப்பாளரிடம் காட்டாதே என்கிறார்! சரி, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரன் அங்கே கேட்க முடியுமா?

மீனாட்சி (புசான்):
தனியாளாக வந்து கோஃபிக்கிடம் முதல் படத்துக்குக் காசு கேட்பது நடக்காது, அது கொரியப் படங்களுக்கு. கொரியத் தயாரிப்பாளர் ஒருவர் சேர்ந்தால் கதவு கொஞ்சம் திறக்கும். இந்தியாவும் கொரியாவும் 2015-ல் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அந்த விதிகளுக்குள் வரும் படத்தை உள்ளூர்ப் படமாகவே பார்ப்பார்கள். இங்கே வந்து படப்பிடிப்பு நடத்தும் வெளிநாட்டுப் படங்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது, ஆனால் அது பெரிய யூனிட்டுகளுக்கான சமாச்சாரம்.

உங்களுக்குப் பொருந்துவது ஏஷியன் ப்ராஜெக்ட் மார்க்கெட். புசான் திரைப்பட விழா நடத்துவது. கதையும் ஒரு தயாரிப்பாளரும் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் பல நாட்டு முதலீட்டாளர்களோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கித் தருவார்கள். பட்ஜெட் தாளை மட்டும் அனுப்பும் முன் எனக்கு ஒரு முறை காட்டுங்கள். நம் ஆட்கள் 'இதர செலவு' என்று ஒரே வரியில் எழுதுகிற தொகையைப் பார்த்தாலே இங்கே கோப்பை மூடிவிடுவார்கள்.