பியானோ கம்பியும் வலை முடிச்சும்

குழு: தங்கச்சிமடம் வீடு

சித்தப்பா: ராத்திரி 2 மணிக்குப் படாரென்று ஒரு சத்தம். ஓடு விழுந்துவிட்டதோ என்று டார்ச்சோடு ஓடினேன். தாத்தாவின் பியானோவில் ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது.

பெரியம்மா: யாரும் தொடாமலா? சேசுவே!

நான்: வருஷா வருஷம் கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிறதே பெரியம்மா.

சென்னை மச்சான்: மாமா, வெறும் கம்பியா, செம்பு சுற்றியதா?

சித்தப்பா: செம்பு. இடது கைப் பக்கம், இரட்டைக் கம்பியில் ஒன்று. பச்சை பூத்திருக்கிறது. படகுக்குக் கட்டும் கம்பி கிடக்கிறது, போடவா? இல்லை தங்கூஸ் தூண்டில் நரம்பு?

சென்னை மச்சான்: இரண்டும் வேண்டாம் மாமா. ஒவ்வொரு கம்பியும் 70 கிலோ அளவு இழுவையில் நிற்கிறது. சாதாரணக் கம்பி சுருதிக்கு வருவதற்குள் இழுபட்டு நீண்டுவிடும். உள்ளே 200-க்கு மேல் கம்பி, மொத்த இழுவை 15 டன் போல வரும். வார்ப்பிரும்புச் சட்டம் அதற்குத்தான்.

பெரியம்மா: 15 டன்னா! அதன் மேல்தானே சொரூபம் வைத்திருக்கிறேன்.

சென்னை மச்சான்: எந்த இடத்தில் அறுந்தது?

சித்தப்பா: மேலே, முறுக்காணி பக்கத்தில். மூன்று சுற்று ஆணியிலேயே இருக்கிறது. முறிந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாதி கறுப்பு, பாதி புதுக் காசு மாதிரி மின்னுகிறது.

சென்னை மச்சான்: கறுத்த பாதி எப்போதோ விரிசல் விட்டது. மிச்சப் பாதிதான் இத்தனை நாள் தாங்கியது. ஆணிப் பக்கம் போனது நல்லதுதான், அங்கே வெறும் எஃகு. புது பியானோ கம்பியை அதோடு முடிச்சுப் போட்டு ஒட்டிவிடலாம். செம்பு சுற்றிய இடத்தில் போயிருந்தால் கழற்றி அனுப்பி, அதே அளவில் செய்து வாங்க வேண்டும். முடிச்சு இப்படித்தான்: இரண்டு கம்பியின் முனையிலும் ஒரு கண், அதாவது வளையம், வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டு இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இறுகும்.
[படம்]

சித்தப்பா: இது நாம் வலையில் போடுவது போல்தானே இருக்கிறது! கொஞ்சம்தான் வித்தியாசம். நூலில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். எஃகு விரலை வெட்டுமோ?

சென்னை மச்சான்: வெட்டும். கண்ணாடியும் இடுக்கியும் இல்லாமல் கை வைக்காதீர்கள். முடிச்சு மேலேயே நிற்க வேண்டும், ஒலிக்கும் பகுதிக்குள் வரக் கூடாது. அப்புறம் கீழ் ஆணியில் மாட்டுமுன், செம்பு சுற்றிய திசையிலேயே கம்பிக்கு ஒரு முறுக்கு. இல்லாவிட்டால் வண்டு மாதிரி இரையும்.

சித்தப்பா: ஆணியைத் திருப்ப இன்ஜின் ஸ்பேனர் போதுமா?

சென்னை மச்சான்: ஐயோ! சதுரத் தலை மழுங்கினால் பிறகு எந்தச் சுருதிச் சாவியும் பிடிக்காது. சாவியும் கம்பியும் நானே கொண்டுவருகிறேன். வெள்ளி சாயங்காலம் சேது எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன்.

பெரியம்மா: ஞாயிறு பூசை முடிந்து வாசிக்கலாமா?

சென்னை மச்சான்: வாசிக்கலாம். ஆனால் புதுக் கம்பி இளகிக்கொண்டே இருக்கும், சில வாரம் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். அதுவரை அந்தக் கட்டை கொஞ்சம் அழும்.

நான்: சித்தப்பா, முதலில் கடல் பக்க ஜன்னலைச் சாத்துங்கள்.

சித்தப்பா: சாத்தியாயிற்று. விளைமீன் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கூஸில் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், சரியா?
[படம்]

சென்னை மச்சான்: கண் இன்னும் கொஞ்சம் சிறிதாக, மாமா.