புதுப்பிப்பு: மாமாவின் டைட்டானிய மடக்குக் கத்தி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமாவுக்கு டைட்டானிய அலகுள்ள மடக்குக் கத்தி சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிக் கொடுத்தாச்சு.

மழை, வியர்வை, உரத்தூள், எது பட்டாலும் துரு இல்லை. எடையும் எஃகைவிட நாற்பது விழுக்காடு குறைவு. சட்டைப்பையில் இருப்பதே தெரியவில்லை என்கிறார்.

கூர்தான் நிற்கமாட்டேன் என்கிறது. பரவலாகப் புழங்கும் டைட்டானியக் கலவையின் கடினம் ராக்வெல் சி அளவில் 36 போல. நல்ல கத்தி எஃகு 58-ஐத் தாண்டும். உரச்சாக்கு கிழிக்கிற கைக்கு இது பெரிய வித்தியாசம், அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கிறது. விளிம்பில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளை ஏற்றிய அலகு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு காந்தம் கொண்டு போங்கள். டைட்டானிய அலகில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது மேற்பூச்சு மட்டும் போட்ட எஃகு.

கடலில் மீன் பிடிப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மாமாவுக்கு எஃகில் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.