பூட் ஆகாமல் நின்ற சிஸ்டங்கள்: நம்ம பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

காரைக்குடி சர்வீஸ்காரன்:
கடைக்கு வருகிற மெஷின்களில் ஒரு ரகம் இருக்கிறது. ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் ஆன் பண்ணினால் கறுப்புத் திரைதான். உங்களுக்கும் வந்திருக்கும், எழுதுங்கள். நான் ஆரம்பித்துவைக்கிறேன்.

2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த புதிதில், விண்டோஸும், இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் படம் ஏற்ற இடம் பத்தவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பார்கள், பெயரே இல்லாமல் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்துவைத்த பகுதி) தெரியும், சும்மாதானே கிடக்கு என்று டெலிட் அடித்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த தடவை ஆன் பண்ணும்போது 'நோ சச் பார்ட்டிஷன்', அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ'. கிரப் என்பது எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று மெனு காட்டுகிற லினக்ஸ் பக்கத்து புரோகிராம். அப்பா கூடவே வந்து, "புது டிஸ்க்தான் போடணுமாமே தம்பி, இன்னொரு கடையில சொன்னாங்க" என்பார்.

டிஸ்கில் ஒரு கோளாறும் இருக்காது. ஆன் பண்ணியதும் மதர்போர்டில் முதலில் ஓடுகிற பழைய பயாஸுக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது, டிஸ்கின் முதல் செக்டாரான 512 பைட்டை மெமரியில் ஏற்றி, கடைசி 2 பைட்டில் இருக்கிற முத்திரை சரியா என்று பார்த்து ஓடவிடும், அவ்வளவுதான். அந்த 512-ல் பார்ட்டிஷன் டேபிளுக்கு 64 போய்விடும், முத்திரையும் போக மிஞ்சுவது 446 பைட். அதில் என்ன பெரிய புரோகிராம் எழுத முடியும்? அதனால் கிரப் அங்கே ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்து, அடுத்தது எந்த செக்டாரில் என்று நம்பரை எழுதிவைக்கும். முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில்தான் அந்த அடுத்த துண்டு, கோர் இமேஜ், உட்கார்ந்திருக்கும். ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அதுதான். மிச்ச மாட்யூலும் மெனுவும் எந்த பார்ட்டிஷனில், எந்த ஃபோல்டரில் என்று இன்ஸ்டால் பண்ணும்போதே அதற்குள் எழுதியாகிவிடும். பையன் அழித்தது அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை. விண்டோஸ் முழுசாக இருந்தும் அங்கே போக வழி இல்லை. விண்டோஸ் டிவிடியில் பூட் பண்ணி 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' ஒரு வரி அடித்தால், முதல் செக்டாரில் கிரப் துண்டுக்குப் பதில் விண்டோஸின் துண்டு உட்காரும், முடிந்தது. அந்த அப்பாக்களின் முகத்தைப் பார்க்கணுமே!

தேவகோட்டையிலிருந்து:
விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு கணக்கு எழுதுகிற ஆபீசில் பார்த்தது. டிஸ்கை நேராகப் பிரித்தால் பிரைமரி பார்ட்டிஷன், எக்ஸ்டெண்டட் என்கிற ஒரு பகுதிக்குள் மறுபடி பிரித்தால் லாஜிக்கல் டிரைவ். எக்ஸ்பி ஒரு லாஜிக்கல் டிரைவில் இருந்தது. மிச்ச இடத்தில் யாரோ புதுசாக ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டுவிட்டார்கள். மறுநாள் 'ஹால் டிஎல்எல்' என்கிற சிஸ்டம் ஃபைலைக் காணோம் என்கிறது. மார்ச் மாதம் வேறு, ஆபீசே அல்லோலகல்லோலம். ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது. எக்ஸ்பியை ஏற்றுகிற என்டிஎல்டிஆர் பார்க்கிற பூட் இனி ஃபைலில் பார்ட்டிஷன் 2 என்று எழுதியிருந்தது, பிரைமரிகளை எண்ணிவிட்டுத்தான் லாஜிக்கலை எண்ணும் என்பதால் நம்ம டிரைவ் 3 ஆகிவிட்டது. அந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் டேலி திறந்தது. அதற்குள் அங்கே இருந்த ஒருத்தர் எக்ஸ்பி சிடியைக் கையில் எடுத்து ஃபார்மேட் பண்ணத் தயாராக நின்றார்.

கானாடுகாத்தானிலிருந்து:
நீங்கள் சொல்வதெல்லாம் பயாஸ் கதை. எனக்கு வந்தது யூஇஎஃப்ஐ, பயாஸுக்குப் பதிலாகப் புது மெஷின்களில் வருவது. பழைய செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் இல்லையா, அப்படி ஒன்றில் பில் போடுகிற மெஷின், டெபியன் லினக்ஸ் ஓடுவது. இடி விழுந்து மதர்போர்டு போச்சு. அதே மாடல் போர்டு வாங்கி, அதே டிஸ்கை மாட்டினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது. ரூம் காலி செய்கிறவர்கள் முகப்பில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க, மேனேஜர் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

எந்த ஃபைலை ஓடவிட வேண்டும் என்ற பட்டியல் யூஇஎஃப்ஐ-யில் மதர்போர்டின் மெமரியிலேயே இருக்கும். போர்டு போனால் பட்டியலும் போச்சு. புதுப் போர்டு டிஸ்கில் ஃபேட்32 பார்ட்டிஷனைத் திறந்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் 'பூட்' என்கிற ஃபோல்டரில் 'பூட்எக்ஸ்64' இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். டெபியன் தன்னுடையதை 'டெபியன்' என்ற ஃபோல்டரில்தான் வைக்கிறது, இந்தப் பொது இடத்தில் தானாக வைக்காது. இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுகிற லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி, அந்தப் பட்டியலைத் திருத்துகிற இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் எண்ட்ரி போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று பொது இடத்திலும் ஒரு காப்பி வைத்தேன். இன்ஸ்டால் பண்ணும்போதே அப்படி ஒரு காப்பி வைத்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டையூர் மாணவன்:
அண்ணே, இப்போது எல்லாம் பார்ட்டிஷன் எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனியாக இருக்கிற நீள அடையாளமான யூயுஐடி-தானே? அப்புறம் எப்படி மாறிப்போகும்? என் ஹாஸ்டல் மேட்டுக்கு எஸ்எஸ்டி மாற்றினோம், பழைய டிஸ்கை அப்படியே குளோன் எடுத்தோம், இரண்டும் மாட்டியிருக்கிறது. ஆனால் சில நாள் பழைய டிஸ்கிலிருந்தே ஏறுகிறது.

காரைக்குடி சர்வீஸ்காரன்:
தம்பி, நம்ம ஊரில் செட்டியார் வீடுகளைக் கதவு எண் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, விலாசம் என்கிற குடும்ப இனிஷியல் எழுத்துகளைச் சொன்னால் எந்த வீதியில் என்று கை காட்டுவார்கள். யூயுஐடி அந்த மாதிரி. பார்ட்டிஷன் முன்னே பின்னே நகர்ந்தாலும் கிரப் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆனால் குளோன் எடுக்கும்போது யூயுஐடி-யும் சேர்ந்தே காப்பி ஆகிறது. ஒரே விலாசத்தில் இரண்டு வீடு. கிரப் தேடும்போது முதலில் எது கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அது நாளுக்கு நாள் மாறலாம். முதலில் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி தனியாக ஏறுகிறதா என்று பார். ஏறினால், அதிலிருந்து பூட் பண்ணிய பிறகு பழையதை யூஎஸ்பி கேஸில் போட்டு மாட்டி, மவுன்ட் பண்ணாமல், அதாவது உள்ளே இருக்கிற ஃபைல்களைத் திறக்காமல், டியூன்2எஃப்எஸ் கமாண்ட் வைத்து அதற்கு வேறு யூயுஐடி கொடுத்துவிடு. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4-தானே?

கோட்டையூர் மாணவன்:
ஆமாண்ணே, எக்ஸ்ட்4தான். சாயங்காலம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.