ஜெர்மனியில் இணைய இணைப்பு எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும்

ஜெர்மனிக்கு வந்து வீடு பிடித்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு மலிவு என்பதுதான். அதற்கு முன், வாசலில் உள்ள அழைப்புமணிப் பலகையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வந்த புதிதில், இணைப்புக் கொடுக்க வரும் பணியாளருக்காகக் காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை வீட்டைவிட்டு நகராமல் காத்திருந்தேன். அவரும் வந்திருக்கிறார், பலகையில் பழைய குடித்தனக்காரரின் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்தே கிடைத்தது. ஒப்புக்கொண்ட நேரத்துக்கு அவர்கள் வரவில்லை என்றால், 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதை இழப்பீடாகக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. என் விஷயத்தில் தவறு என்னுடையது என்பதால் வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று.

ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதத்துக்கு இருக்கும். 2021 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அந்தக் காலம் முடிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சொன்ன வேகம் வரவில்லை என்றால் தொலைபேசியில் சண்டையிட்டுப் பயனில்லை. புண்டஸ்நெட்ஸ்அகென்டூர் என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தின் மென்பொருளைக் கணினியில் நிறுவி, வைஃபையில் அல்லாமல் கேபிள் வழியாக, மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 முறை அளந்து, அது தரும் அறிக்கையை இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம். புதுப்படத்தை டோரண்டில் இறக்கிப் பார்ப்பது ஊரில் யாரும் பொருட்படுத்தாத பழக்கம். டோரண்டில் நீங்கள் படத்தைப் பெறும்போதே, பெற்ற துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள்; சட்டத்தின் பார்வையில் அது விநியோகம். படத்தின் உரிமையாளர்களுக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் அப்படிப் பகிர்பவர்களின் கூட்டத்தில் தாமும் சேர்ந்து, இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, நீதிமன்ற ஆணையின் மூலம் இணைப்பை எடுத்தவரின் பெயரைப் பெறுகின்றன. பிறகு ‘ஆப்மானுங்’ எனப்படும் வழக்கறிஞர் கடிதம் வரும். நால்வர் சேர்ந்து வாழும் வீட்டில் இணைப்பைத் தன் பெயரில் எடுத்திருந்த ஒரு மாணவத் தம்பி, அப்படி வந்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். படத்தின் பெயர், தேதி, நொடி வரையிலான நேரம், கேட்கும் தொகை தொள்ளாயிரத்துச் சொச்சம் யூரோ, பத்து நாள் கெடு என்று எல்லாம் அதில் இருந்தன. இறக்கியது அவரல்ல, ஆனால் கடிதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும்.

அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். பயந்துபோய் உடனே கையெழுத்தும் போடாதீர்கள். அதனுடன் வரும், இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியில் அப்படியே கையெழுத்திட்டால், மறுபடி தவறு நேரும்போது பெருந்தொகை கட்டும்படியான நெடுங்காலப் பிணைப்பில் மாட்டிக்கொள்வீர்கள். நுகர்வோர் ஆலோசனை மையமான ஃபெர்பிராவுக்கர்சென்ட்ராலேயிடமோ வழக்கறிஞரிடமோ கெடு முடிவதற்குள் காட்டிவிடுங்கள். வைஃபையைப் பிறருடன் பகிர்ந்தவரை அதற்காகவே பொறுப்பாக்கும் பழைய நிலை 2017இல் நடந்த சட்டத்திருத்தத்தால் பெரிதும் மாறிவிட்டது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறு யார் இணைப்பைப் பயன்படுத்தியிருக்க முடியும் என்று நம்பும்படி விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. எனவே கடவுச்சொல்லை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த நாட்டில் இணையத்தில் சுதந்திரமே இல்லையோ என்று எண்ண வேண்டாம். தணிக்கை கிடையாது என்று ஜெர்மனியின் அரசமைப்பான 1949இன் அடிப்படைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. தன்னைப் பற்றிய தகவல்களின் மீது தனக்கே அதிகாரம் என்ற உரிமையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் 1983இலேயே நிலைநாட்டியது. ஆனால் அதே 5ஆவது பிரிவு, தனிமனித மானத்தை அந்தச் சுதந்திரத்தின் எல்லைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அரசின் கொள்கையை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். ஒருவரை முட்டாள் என்று பின்னூட்டத்தில் எழுதினால் அது அவமதிப்பைக் குற்றமாக்கும் குற்றவியல் சட்டத்தின் 185ஆவது பிரிவுக்குள் வரக்கூடும். முகநூல் சண்டைகளில் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

வீட்டு உரிமையாளரோடு தகராறு வந்தால் ஆதாரத்துக்காகத் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. எதிராளியின் சம்மதமின்றி அப்படிச் செய்வது இங்கே அதே குற்றவியல் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி குற்றம். ஆதாரம் தேடப் போனவர்மேலேயே புகார் திரும்பிவிடும். மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்வது மேல். மழலையர் பள்ளி விழாவில் மற்றப் பிள்ளைகளும் தெரியும் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்சப் நிலைத்தகவலில் போடாதீர்கள். ஒருவரின் உருவப்படத்தை வெளியிட அவரது சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1907 முதல் இருக்கிறது.

புதுமனை புகுவிழாக் கோலத்தில் ஸ்வஸ்திகம் இருந்தால், சமயச் சின்னத்தைத் தடுப்பது குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின் நோக்கமல்ல. அது நாஜிச் சின்னத்துக்கானது. இருந்தாலும் விளக்கம் எதுவும் இல்லாமல் அந்தப் படம் மட்டும் ஜெர்மானியர் நிறைந்த குழுவில் போய் விழுந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறொன்றாக இருக்கும். நான் பிள்ளையார் படத்தையும் சேர்த்தே எடுக்கிறேன்.