வூஹான்: சந்தையா, ஆய்வகமா?

ரமணி, திருச்சி

சீனாவின் வூஹான் நகரில் 2019 கடைசியில் கிளம்பிய கொரோனா வைரஸ் எங்கிருந்து வந்தது என்று ஆராய உலக சுகாதார நிறுவனம் அமைத்த சாகோ நிபுணர் குழு 2025 ஜூன் கடைசியில் அறிக்கை கொடுத்தது. கொரோனா வைரஸ் விலங்கிடமிருந்து மனிதர்களுக்குத் தாவியது என்பதற்குத்தான் கைவசமுள்ள சான்றுகள் அதிகம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆய்வகக் கசிவையும் தள்ளிவிட முடியாது, கேட்டதைச் சீனா தரவில்லை என்றும் சொல்கிறார்கள். தொடக்க கால நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள் வரவில்லை, சந்தையில் விற்ற விலங்குகளின் முழு விவரம் வரவில்லை, வூஹான் ஆய்வகங்களின் பாதுகாப்புப் பதிவுகளும் வரவில்லை. மறைத்தவருக்கே சாதகமாக முடிகிற விசாரணையை நான் எப்படி ஏற்பது?

என் கட்சி இதுதான். இந்த வகை வைரஸ்களுக்கு நெருங்கியவை கிடைத்ததெல்லாம் யுன்னான் மாகாணத்து, லாவோஸ் வௌவால்களிடம். அங்கிருந்து வூஹான் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். யுன்னான் குகைகளிலிருந்து மாதிரி எடுத்து வந்து ஆராய்கிற நிறுவனம் எங்கே இருக்கிறது? வூஹானில். 2018இல் எக்கோஹெல்த் அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு, வூஹான் வைரஸ் ஆய்வு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்பாவிடம் பணம் கேட்டு ஒரு திட்டம் கொடுத்தது. வௌவால் கொரோனா வைரஸ்களில் மனித செல்லுக்குள் நுழைய உதவும் வெட்டுமிடங்களைச் செருகிப் பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. டார்பா மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டுக் கடைசியில் அதே ஊரில் கிளம்பிய வைரஸில் அப்படியொரு வெட்டுமிடம், ஃபியூரின் என்ற நொதி வெட்டுகிற இடம், இருக்கிறது, அதன் நெருங்கிய உறவுகள் எதிலும் அது கிடையாது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடச் சொல்கிறீர்களா?

நுண்ணுயிரி

ரமணி சார், நான் மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், நீங்கள் சொன்ன ஆயிரம் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2002 நவம்பரில் சார்ஸ் என்ற முந்தைய கொரோனா நோய் முதலில் தெரிந்தது குவாங்டாங் மாகாணத்து ஃபோஷானில். அந்த வைரஸின் மரபணுத் துண்டுகள் எல்லாவற்றையும் தங்கள் வைரஸ்களில் கொண்ட வௌவால் கூட்டம் பிற்பாடு கிடைத்தது யுன்னான் குகையில். அதுவும் ஆயிரம் கிலோமீட்டர் கணக்குத்தான். நடுவில் என்ன? புனுகுப்பூனை வணிகம். பண்ணையில் வளர்த்து, கூண்டில் அடைத்து, லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வணிகம். வௌவால் அவ்வளவு தூரம் பறந்து வர வேண்டியதில்லை.

வூஹானில் அந்த மாதிரி வணிகம் இருந்ததா என்றால், 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட கூட்டு அறிக்கை 2019 வாக்கில் உயிருள்ள பாலூட்டிகள் விற்றதாக உறுதியான தகவல் இல்லை என்று எழுதியது. மூன்றே மாதத்தில் வேறொரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹான் சந்தைக் கடைகளில் மாதாமாதம் போய்க் கணக்கெடுத்தவர்கள் எழுதியது, உண்ணி பரப்பும் காய்ச்சல் ஒன்றுக்காக எடுத்த கணக்கு அது. 38 இனங்கள், 47,381 விலங்குகள். நரி மாதிரி இருக்கும் ரக்கூன் நாயும் உண்டு, புனுகுப்பூனையும் உண்டு. எட்வர்ட் ஹோம்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 2014இல், நாம் பேசுகிற வூஹான் சந்தையான ஹுவானனுக்குள் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். கம்பிக்கூண்டுக்குள் ரக்கூன் நாய், அதற்குக் கீழே பறவைகள் அடைத்த கூண்டு, மேலே இருப்பதன் கழிவு கீழே இருப்பதன் மேல் விழும். 2020 ஜனவரியில் அந்தச் சந்தையில் துடைத்தெடுத்த மாதிரிகளில் வைரஸ் அதிகம் அகப்பட்டது உயிருள்ள விலங்குகள் விற்ற தென்மேற்கு மூலையில். ஒரே கடையில் இரும்புக்கூண்டு, தள்ளுவண்டி, முடியும் இறகும் நீக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் வைரஸ்.

ஃபியூரின் வெட்டுமிடத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸில் அது இருக்கிறது, சாதாரண சளி தரும் கொரோனா வைரஸ்கள் சிலவற்றிலும் இருக்கிறது. இயற்கைக்கு அது தெரியாத வேலை இல்லை.

ரமணி, திருச்சி

தம்பி, விலங்கு விற்றார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. சந்தையில்தான் தொடங்கியது என்பதைத்தான் மறுக்கிறேன். 2020 மே மாதத்தில் தமிழ்நாட்டுத் தொற்றுக் கணக்கை மட்டும் பார்த்த ஒருவர் வைரஸ் கோயம்பேட்டில் பிறந்தது என்று எழுதியிருப்பார். கடலூர், விழுப்புரம், அரியலூர் என எங்கே பார்த்தாலும் கோயம்பேடு, கோயம்பேடு. அடுத்த மாதமே பெய்ஜிங்கில் ஷின்ஃபாடி மொத்தச் சந்தையில் பெரிய தொற்று வெடித்தது. அங்கேயும் வைரஸ் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வந்து பெருகியது. கூட்டம், ஈரம், குளிர், சத்தமாகப் பேச்சு. சந்தை என்றால் பெருகத்தான் செய்யும்.

இன்னொன்று, ஆரம்பத்தில் நோயாளி என்று சேர்ப்பதற்கே சந்தைத் தொடர்பு ஒரு தகுதியாக இருந்தது. சந்தைக்காரரை மட்டும் தேடினால் சந்தைக்காரர்தானே கிடைப்பார்?

செல்வி, கடலூர்

கோயம்பேடு பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அந்த மே மாதம் கடலூர் மாவட்டத்தில் தொடர்பில் வந்தவர்களைத் தேடும் வேலையில் இருந்தவள் நான். காய்கறி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்த கூலித் தொழிலாளர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்து ஸ்வாப் எடுத்தோம். எங்களுக்குத் தந்த படிவத்தில் முதல் கேள்வியே கோயம்பேடு போனீர்களா என்பதுதான். ஆம் என்றவருக்கு உடனே பரிசோதனை, இல்லை என்றவர் காய்ச்சலோடு வந்தாலும் வரிசையில் பின்னால். ஆக, கிடைத்த பாசிட்டிவ் எல்லாம் கோயம்பேடாகவே இருந்தது. இந்தச் சாய்வு பற்றி ரமணி சார் சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே வேலையில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன் சார். வேலை செய்கிற இடத்தில் நோயைப் பிடித்துக்கொண்டு போனவரின் வீடு எங்கே வேண்டுமானாலும் இருக்கும். எங்கள் பட்டியலில் இருந்தவர்களின் ஊர்களைக் குறித்துப் பார்த்தால் திசைக்கு ஒன்றாகச் சிதறித்தான் கிடந்தன. ஒரு இடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நோய் மெல்லப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அந்த இடத்தோடு தொடர்பே இல்லாதவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வூஹானில் அதை யாராவது பார்த்தார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணுயிரி

அக்கா, அதைத்தான் பார்த்தார்கள். மைக்கேல் வொரோபேயின் குழு 2022இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை. 2019 டிசம்பர் நோயாளிகளில் வீடு இருந்த இடம் தெரிந்தவர்கள் 155 பேர். அதில் சந்தைத் தொடர்பு இருந்தவர்கள் 35 பேர்தான், மற்ற 120 பேருக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அந்த 120 பேரின் வீடுகளும் சந்தையைச் சுற்றித்தான் குவிந்திருந்தன. இன்னும் சொன்னால், தொடர்பு உள்ளவர்களைவிடத் தொடர்பு இல்லாதவர்கள்தான் சந்தைக்குக் கிட்டத்தில் குடியிருந்தார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழ்கிற ஊர், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தை, அதைச் சுற்றி மட்டும் இந்தக் குவியல். வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் வளாகங்கள் யாங்சி ஆற்றுக்கு அந்தக் கரையில். அங்கே அப்படி ஒரு குவியல் இல்லை.

சாய்வு பற்றி: ஜாங் ஜிஷியான் என்ற வூஹான் மருத்துவர் 2019 டிசம்பர் 27ஆம் தேதி மேலதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். அவருக்குச் சந்தேகம் கிளப்பியவர்கள் ஒரு வயதான தம்பதியும் அவர்கள் மகனும், மூவரின் நுரையீரல் படமும் ஒரே மாதிரி இருந்தது. அவர்களுக்குச் சந்தையோடு தொடர்பு இல்லை. சந்தைக்காரர்கள் அதே மருத்துவமனைக்கு வந்தது அதையொட்டித்தான். சந்தை என்ற தகுதி எழுதப்படுவதற்கு முன்பே கண்ணில் பட்டவர்கள் இவர்கள்.

மதன்

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். இது செய்யப்பட்ட ஆயுதம், அவ்வளவுதான்.

செல்வி, கடலூர்

மதன், ஆய்வகத்தைச் சந்தேகிக்கும் அமெரிக்க உளவு அமைப்புகளே உயிரி ஆயுதமாக உருவாக்கப்பட்டதல்ல என்று 2021இல் சொல்லிவிட்டன. ரமணி சாரும் அதைச் சொல்லவில்லை. அதை இங்கே கலக்க வேண்டாம்.

ரமணி, திருச்சி

சரி. அந்த 155 பேர் பட்டியலைக் கொடுத்தது யார்? சீனா. யாரை விட்டார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? விட்டதும் சாய்வுதான். வைரஸின் ஆரம்பக் கிளைகள் இரண்டு, ஏ என்றும் பி என்றும் சொல்கிறார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே மரபணு எழுத்து. வௌவால் வைரஸுக்கு நெருக்கமானது ஏ. ஆனால் சந்தையில் கிடைத்தது ஏறக்குறைய எல்லாமே பி. மூத்த கிளை வெளியே, இளைய கிளை சந்தைக்குள் என்றால் எது முந்தியது?

விலங்கைப் பற்றியும் கேட்கிறேன். சீன நோய்த்தடுப்பு மையம் சந்தையில் எடுத்த 1,380 மாதிரிகளில் 457 விலங்கு மாதிரிகள். ஒன்றில்கூட வைரஸ் இல்லை. வைரஸ் இருந்த மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணு இருந்தது என்று 2023இல் உலகமே பேசியதே, ஜெஸ்ஸி ப்ளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே தரவைப் பிரித்துப் பார்த்தார். வைரஸ் அதிகம் இருந்த மாதிரிகளில் கூடவே அதிகம் இருந்தது மீன் போன்றவற்றின் மரபணு. ரக்கூன் நாயினுடையது அல்ல. மீனா கொரோனாவைக் கொடுத்தது?

ஆய்வகத்திலிருந்து வைரஸ் வெளியேறியதே இல்லையா? சார்ஸ் வைரஸ் 2003இல் சிங்கப்பூரில், தைவானில், 2004இல் பெய்ஜிங்கில் வெளியேறியது. பெய்ஜிங்கில் ஆய்வகப் பணியாளரிடமிருந்து வெளியே பரவி ஒருவர் இறந்தே போனார். 1977இல் திரும்பி வந்த ஃப்ளூ வைரஸ், 1950களில் புழங்கியதை அப்படியே ஒத்திருந்தது. இருபது வருஷம் அது எங்கே உறங்கியது? ஏதோ ஒரு குளிர்பெட்டியில்தான்.

நுண்ணுயிரி

ஏ கிளையும் சந்தையில் கிடைத்தது சார், ஒரு கையுறையில். ஏ கிளையின் முதல் நோயாளிகளும் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தவர்களே. இரண்டு தடவை தனித்தனியாகத் தாவியிருக்கலாம் என்று பெக்கார் என்ற ஆய்வாளரின் குழு கணித்தது. அந்தக் கணக்கில் பிறகு திருத்தம் வந்து வலு குறைந்தது, அதை வைத்து நான் வாதாடவில்லை.

457 மாதிரி பற்றி முழுசாகச் சொல்லுங்கள். சந்தையை மூடியது 2020 ஜனவரி 1. மாதிரி எடுத்தது அன்றிலிருந்து. அதற்குள் காட்டுவிலங்குகளைக் காணோம். அந்த 457இல் ஒரு ரக்கூன் நாய்கூட இல்லை. பார்க்காததில் கிடைக்கவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் பொதுவான குறை. ப்ளூம் சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனால் ஒரு மாதமாக நோயாளிகள் இருமித் திரிந்த சந்தையில் ஜனவரியில் துடைத்தால் வைரஸ் மீன்கடையிலும்தான் இருக்கும். அதை வைத்து ரக்கூன் நாய்க்கு நோய் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஆய்வகக் கசிவுகள் நடந்தவைதான். ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் ஏற்கனவே தெரிந்த வைரஸ் வெளியே வந்தது. இங்கே அப்படி ஒன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. வூஹான் நிறுவனத்திடம் இருந்ததில் மிக நெருங்கியது ஆர்ஏடிஜி13 என்ற வௌவால் வைரஸ், 96 சதவீத ஒற்றுமை. கேட்க நெருக்கமாகத் தெரியும். ஏறத்தாழ 30,000 எழுத்துகளில் 1,100க்கும் மேல் வேறுபாடு. இந்த வைரஸ் மனிதரிடையே பரவும்போது மாதத்துக்கு இரண்டு எழுத்து போல மாறுகிறது. அந்த இடைவெளி பல பத்தாண்டுகள். லாவோஸ் வௌவாலில் கிடைத்த பனால்-52 அதைவிட நெருங்கியது, 96.8 சதவீதம், அதுவும் முன்னோர் ஆகாது.

ரமணி, திருச்சி

குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தது யார் தம்பி? அவர்கள் வெளியிட்டதை மட்டும் வைத்து அவ்வளவுதான் இருந்தது என்கிறீர்கள். அந்த நிறுவனத்தின் தரவுத்தளம் 2019 செப்டம்பரில் வெளியுலகுக்கு மூடப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை.

புதுவை வாசகன்

நடுவில் வருகிறேன். மறைப்பது சீனாவின் பழக்கம் மட்டும் என்று பேச்சு போகிறது. 2024 மார்ச்சில் டெக்சாஸ் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் தெரிந்தது. அமெரிக்க வேளாண் துறை அந்த வைரஸின் மரபணு வரிசைகளை வெளியிட்டபோது எந்த மாநிலம், எந்தத் தேதி என்ற விவரமே இல்லாமல், அமெரிக்கா, 2024 என்று மட்டும் போட்டார்கள். அதையும் வைத்துக்கொண்டே, பறவையிலிருந்து மாட்டுக்கு ஒரே தடவை தாவி, 2023 கடைசியிலிருந்தே பரவியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். தேதியும் ஊரும் சேர்ந்து வந்திருந்தால் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்று அப்போதே பிடித்திருக்கலாம். வெறும் வரிசை பாதித் தகவல்தான்.

செல்வி, கடலூர்

இது ரொம்ப முக்கியம். எங்கள் பட்டியலிலும் பெயரைவிட, காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்ற கட்டம்தான் எங்களுக்கு உயிர். அது காலியாக இருந்தால் யாரிடமிருந்து யாருக்கு என்று கோடு போடவே முடியாது.

ரமணி சார், நுண்ணுயிரி, இருவரையும் ஒன்று கேட்கிறேன். எது வெளிவந்தால் உங்கள் கட்சியை விட்டுவிடுவீர்கள்?

நுண்ணுயிரி

2020க்கு முன்பு வூஹான் ஆய்வகம் ஒன்றில் பதிவான, இந்த வைரஸோடு 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிற ஒரு வரிசை. அல்லது 2019 இலையுதிர்காலத்தில் ஆய்வகப் பணியாளர் ஒருவரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பான்கள், மற்றவர்களும் சோதித்துப் பார்க்கிற மாதிரி. இரண்டில் ஒன்று வந்தால் அன்றைக்கே எழுதுவேன்.

ரமணி, திருச்சி

சந்தைக்கு விலங்கு கொடுத்த பண்ணைகளின் பெயரும், அங்கே 2019இல் எடுத்த விலங்கு ரத்த மாதிரியும். 2020 பிப்ரவரியில் காட்டுவிலங்கு உணவு வணிகத்துக்குத் தடை போட்டுப் பண்ணைகளை மூடினார்களே, மூடும் முன் ரத்தம் எடுத்திருந்தால் அது எங்கேயாவது இருக்க வேண்டும். ரக்கூன் நாயிலோ வேறெதிலோ இந்த வைரஸுக்கான எதிர்ப்பான் 2019 தேதியோடு இருந்தால் நான் சந்தை என்று ஒப்புக்கொள்வேன். அதுவரை இல்லை. வூஹானில் 2019 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ரத்த தானம் செய்தவர்களின் 43,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஒன்றிலும் எதிர்ப்பான் இல்லை என்று கட்டுரை போட்டார்கள். மனித ரத்தத்தை அத்தனை எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தவர்கள், விலங்கு ரத்தத்தை ஏன் காட்டவில்லை?

நுண்ணுயிரி

அந்தக் கேள்வியில் நானும் உங்கள் பக்கம்தான் சார். ஆனால் அது ஆய்வகத்துக்குச் சான்று இல்லை. பண்ணையைக் காட்டத் தயங்குகிறவர் மறைப்பது பண்ணையாகவும் இருக்கலாம்.